மூலை வீட்டு வாசலில் பார்த்தவர்

ஏப்ரல் 9

பகுதி ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மூலை வீட்டுக்காரி. தெருவில் கேட்டால் 'மனு சார் வீட்டம்மா' என்பார்கள். உங்கள் அலுவலகத்தில் என் கணவருடைய மனுக்களைப் படிக்காதவர் இருக்க முடியாது, படிக்கிற வழக்கம் இருந்தால்.

நேற்று காலை அவருடைய கைபேசிக்கு உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ஆளிறங்கு குழிக்கு மூடி இல்லை என்ற புகார் சரிசெய்யப்பட்டது. பகுதி ஆய்வாளர் புகார்தாரரை நேரில் சந்தித்தார். புகார்தாரர் திருப்தி தெரிவித்தார்.' உடனே வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சாக்கடைக் குழி வாயைப் பிளந்தபடி அப்படியேதான் இருக்கிறது. செய்யாததைச் செய்ததாகச் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. என்னை உட்கார வைத்தது கடைசி இரண்டு வரிகள்தான்.

என் கணவர் ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இதே குழியில் விழுந்துதான்.

அன்று மழை. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், விளக்கும் எரியவில்லை. பால் வாங்கப் போனார். குழி இருக்கும் இடம் அவருக்குத் தெரியாதா? அடையாளத்துக்காக எதிர்வீட்டுக்காரர் ஒரு உடைந்த நாற்காலியை அதில் செருகி வைத்திருந்தார். தண்ணீர் அதைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தது. இவர் வழக்கம்போல நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றி வந்த இடத்தில்தான் குழி. நாங்கள் போய்ப் பார்த்தபோது பால் பாக்கெட் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

விசாரணையில் உங்கள் அலுவலகம் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'மூடி இருந்தது. இறந்தவரின் கவனக்குறைவே காரணம்.' ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திய மனுஷன் ஐயா அவர். ஒரு புள்ளி விட்டுப்போனால் சோறு இறங்காது அவருக்கு. அவர் பெயருக்குக் கீழே கவனக்குறைவு என்று எழுத யாருக்குக் கை வந்தது? அந்த ஒரு வரியை மாற்றாமல் நான் ஓயப்போவதில்லை. மூடிக்காகப் போன மாதம் அவருடைய கைபேசியிலிருந்து புகார் கொடுத்ததும் நான்தான்.

அதற்கு வந்த பதில்தான் இந்தச் செய்தி. ஆகவே கேட்கிறேன். நீங்கள் சந்தித்தபோது அவர் எப்படி இருந்தார்?

மூலை வீட்டம்மா


ஏப்ரல் 17

அம்மையீர்,

தங்கள் 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் கணவரின் மறைவுக்கு இவ்வலுவலகத்தின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கள ஆய்வின்போது தங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவரைச் சந்தித்தது உண்மை. அவரே புகார்தாரர் எனக் கருதி, அவர் கூறியதைப் பதிவு செய்தேன். அவர் தங்கள் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். ஒல்லியான உடல். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. பேசும்போது அடிக்கடி இடது காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டார். இத்தனை விவரம் எழுதுவது, நான் ஆய்வுக்கே வரவில்லை என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மூடிகள் கிடங்கிலிருந்து வந்ததும் முன்னுரிமை அளித்துப் பொருத்தப்படும்.

இப்படிக்கு,
பகுதி ஆய்வாளர்


ஏப்ரல் 22

ஆய்வாளர் தம்பிக்கு,

'தம்பி' என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு 'அவர்களுக்கு' என்று எழுத வரவில்லை.

இந்தத் தெருவில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறவர் ஒருவர்தான் இருந்தார். காது மடலை இழுப்பது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. "இழுத்து இழுத்து அது தோள்ல வந்து உக்காரப்போகுது" என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன். எங்களுக்கு உறவினர் என்று யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு பெருத்தது. ஆக, நீங்கள் பார்த்தது அவரைத்தான்.

நான் பேய் பிசாசு என்று அலைகிறவள் இல்லை. ஆனால் இந்தத் தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். விளக்குக் கம்பம் கறுப்பாக நிற்கும். குப்பை வண்டி முனையோடு திரும்பிவிடுகிறது. குழிக்குள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும், யாரோ வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல, படுக்கையறை வரைக்கும் வரும். அதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, "இடது பக்கமா ஒதுங்கிப் போங்க" என்று ஒரு குரல் கேட்கிறதாம். மனு சார் இன்னும் போகவில்லை என்று தெருவே சொல்கிறது.

அந்தக் குரல் என்னுடையது தம்பி. விளக்கைப் போடாமல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நான்தான் சொல்கிறேன். இன்னொரு உயிர் போகக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் கரகரத்தது. ஜனங்கள் அவர் குரல் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. அவரைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் போன வாரம் காய்ச்சலில் மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானத்திலிருந்தே கண் திறக்காமல் கிடந்தேன். மறுநாள் துணி தேய்க்கிறவர் வந்து, "நேத்தும் சார் சொன்னாரும்மா, ஒதுங்கிப் போன்னு" என்றார். அதற்கு மேல்தான் உங்கள் கடிதமும் வந்தது.

இப்போது வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவருடைய செருப்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் கண்ணில் பட்டவர் என் கண்ணில் படவில்லையே என்று கோபமாகவும் இருக்கிறது. நாற்பது வருஷம் சமைத்துப் போட்டவள் நான். உங்களிடம் போய் நின்றிருக்கிறார்!

அவர் என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

மூலை வீட்டம்மா


ஏப்ரல் 30

அம்மா,

இதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. இனி நீங்களும் கீழே உள்ள என் வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். உங்கள் இரண்டாவது கடிதத்தை எழுத்தர் பிரித்துப் படித்துவிட்டு, "ஆவியோட கையெழுத்து வாங்கினியாப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

கதவைத் திறந்து வைக்காதீர்கள் அம்மா. கெஞ்சிக் கேட்கிறேன். தனியாக இருக்கிறீர்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது.

அவர் அதிகம் பேசவில்லை. வெயிலில் வந்திருக்கிறேன் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு வாசல் கொய்யா மரத்திலிருந்து இரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். ஒன்றில் பல் பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன் போல. "அணில் கடிச்சதுப்பா. அதுக்குத் தெரியும் எது இனிக்கும்னு" என்றார். புகாரைப் பற்றிக் கேட்டதற்கு, "சரி, எழுதிக்கோ" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செருப்பை வெளியே வைத்திருப்பதாக எழுதினீர்களே, அதைப் படித்தபிறகு இருக்க முடியவில்லை. இதோடு இந்த விஷயத்தை விட்டுவிடுங்கள்.

ஆய்வாளர்


மே 8

ஆய்வாளருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். அணில் வார்த்தை அவர் வார்த்தை. எனக்கும் அதையே சொல்லித்தான் பழம் கொடுப்பார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பேச்சு. அழுதுகொண்டே போய் அவர் நின்ற இடத்தில் நிற்கலாம் என்று பார்த்தேன்.

கொய்யா மரம் எங்கே இருக்கிறது ஐயா?

அதை நவம்பரிலேயே வெட்டிவிட்டார்கள். மின்கம்பியில் உரசுகிறது என்று வந்தார்கள், மரத்தைச் சாய்த்தார்கள், கம்பியை அறுத்தார்கள், போய்விட்டார்கள். அன்றிலிருந்துதான் தெரு விளக்கும் இல்லை. இப்போது அங்கே அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. என் கணவர் செத்த பிறகு வந்து நின்றார் என்று வைத்துக்கொள்வோம். மரமும் கூடவே வந்து காய்த்துவிட்டுப் போனதா?

அடிக்கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் கதவைத் திறந்து வைத்து, தட்டு வைத்து, பைத்தியக்காரிபோலக் காத்திருந்தேன். எனக்கும் அவரைப் பார்க்க ஆசை. ஆசை கண்ணைக் கட்டிவிட்டது. துணி தேய்க்கிறவர் காதில் விழுந்ததும் தினம் கேட்டுப் பழகிய குரல்தான் போலிருக்கிறது. உங்கள்மேல் கோபமா, என்மேலேயா என்று தெரியவில்லை. அவர் மறுபடியும் ஒரு தடவை செத்துப்போனார் என்று மட்டும் தெரிந்தது.

நீங்கள் அவரைப் பார்த்தது உண்மை. ஆனால் உயிரோடு இருந்தபோது பார்த்திருக்கிறீர்கள். பழம் பழுக்கும் காலத்தை வைத்துச் சொல்கிறேன், அது செப்டம்பர். அன்று எழுதிய குறிப்பையே எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, ஏப்ரலில் திரும்பவும் ஒட்டியிருக்கிறீர்கள். அப்படித்தானே?

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் இன்னொன்றும் அவிழ்கிறது. விசாரணையில் 'மூடி இருந்தது' என்று எதை வைத்து எழுதினார்கள் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'புகார்தாரர் திருப்தி தெரிவித்தார்' என்ற உங்கள் செப்டம்பர் குறிப்பை வைத்துத்தான். அவரைக் கொண்டே அவர்மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. பேனாவை எடுத்தால் அமைச்சரையே விடாத மனுஷன், மூடி இல்லாத குழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "சரி, எழுதிக்கோ" என்று ஏன் சொன்னார்? எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? நீங்கள் மிரட்டினீர்களா? உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வியே என்னைத் தின்றுவிடும்.


மே 15

அம்மா,

மரத்தை வெட்டினது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகப் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஏப்ரலில் நான் உங்கள் தெருவுக்கே வரவில்லை.

எங்கள் வேலை எப்படி என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மூடி வந்தாலும் வராவிட்டாலும் பதினைந்து நாளில் புகாரை மூட வேண்டும். கிடங்கில் போய் நின்றால், "மூடி இல்லப்பா, புகாரை மூடு" என்று கேலி செய்வார்கள். மூடாத புகாருக்கு எனக்கு மெமோ. நேரில் பார்த்தேன், திருப்தி என்றார் என்று எழுதினால் கணினித் திரையிலிருந்து அது மறைந்துவிடும். பழைய குறிப்பை எடுத்து ஒட்டுவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். உங்கள் கணவர் பெயரில் புதுப் புகார் வந்தபோது, அதே பெயர், அதே குழி என்று அதையே ஒட்டினேன். அவர் இறந்தது பற்றிய கோப்பு வேறு மேசையில் இருந்தது. உங்கள் கடிதம் வரும்வரை அந்த வீட்டில்தான் சாவு நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் மிரட்டவில்லை அம்மா. அழுதேன். செப்டம்பரில் எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். உங்கள் கணவரின் புகார்கள்தான் என் கணக்கில் அதிகம். சண்டை போடலாம் என்றுதான் வந்தேன். அவர் தண்ணீர் கொடுத்ததும் அழுகை வந்துவிட்டது. "சார், இந்த ஒரு தடவை சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க சார். அடுத்த மாசம் நானே மூடியோட வரேன்" என்றேன். காதை இழுத்துவிட்டுக்கொண்டு குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா அழுவே? சரி, எழுதிக்கோ. வீட்டுல சொல்லிடாத, அவ என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா" என்றார்.

அடுத்த மாதமும் மூடி வரவில்லை. என் வேலை நிரந்தரமானது. நான் திரும்பி வரவில்லை.

இப்போது எனக்கும் தூக்கமில்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் ஓரமாகவே நடக்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் பால் பாக்கெட் மிதக்கிறது. வரும் 28ஆம் தேதி கடைசி விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்களை நேரில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.


மே 21

தம்பிக்கு,

நீங்கள் வந்து போன மறுநாளே எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்து, இன்றுதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்காக எத்தனை வசவு சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும்போதுகூட ஒத்திகை பார்த்தேன். "வீட்டுல சொல்லிடாத" என்றாராமே, அதற்கு அவரைத் திட்ட வேண்டிய திட்டையும் உங்களுக்கே கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். வந்தீர்கள். கதவு திறந்திருந்தும் உள்ளே வராமல் நின்றீர்கள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், "அம்மா, மூடி இருந்துச்சுன்னே இருக்கட்டும்மா. போனவர் வரப்போறதில்ல. என் கைக்காசைப் போட்டாவது நாளைக்கே மூடியைப் போட்டுடறேன். ரெண்டு குடும்பம் என்னை நம்பி இருக்கும்மா" என்று தேம்பினீர்கள்.

"சரிப்பா, அழாத. போ" என்றேன்.

நீங்கள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. அது என் குரல் இல்லை. சேர்த்து வைத்த வசவில் ஒன்றுகூட வெளியே வராமல், அந்தச் 'சரி' மட்டும் தானாக வந்தது. அவர் அன்று எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேட்டுக் கேட்டு உங்களை நச்சரித்தேனே, கடைசியில் என் வாயிலிருந்தே கேட்டுவிட்டேன். முன்பெல்லாம் பால்காரர் தண்ணீர் கலந்தால் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, அவர் வந்ததும் "பரவாயில்லப்பா" என்கிற மனுஷன். நான் அப்படியில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் போய்விட்டது. உங்கள் அழுகைக்கு முன்னால் யாராலும் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் சொன்ன 'சரி' உங்கள் வேலையைக் காப்பாற்றியது, அவரைக் கொன்றது. என்னுடைய 'சரி'யும் அதே மாதிரி உங்களைக் காப்பாற்றினால், அவர் காலத்துக்கும் கவனமில்லாமல் நடந்து செத்த கிழவனாகவே இருப்பார்.

ஆகவே எழுத்தில் சொல்கிறேன். வாசலில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 28ஆம் தேதி நீங்கள் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவற்றைக் காட்டி உங்களை மாட்டிவிட எனக்கு இஷ்டமில்லை. நகல்கூட எடுத்து வைக்கவில்லை. நீங்களாகச் சொன்னால் உண்டு.

சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அவர் உங்களை அன்றைக்கே மன்னித்திருப்பார். வீட்டுக்கு ஒரு நல்ல மனசு போதும். மறுபடியும் இந்த வாசலுக்கு வந்து அழாதீர்கள். என்னால் தாங்க முடியாது.

மூலை வீட்டம்மா


மே 30

அம்மா,

விசாரணை முடிந்தது. நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று பயந்துகொண்டே உள்ளே போனேன். வாசலிலேயே உங்களைத் தடுத்து, சாட்சி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

போகும்வரை முடிவு செய்யவில்லை அம்மா. பொறியாளர் காலையிலேயே கூப்பிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். சட்டைப் பையில் நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதங்கள் இருந்தன. நகல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கிழித்துப் போட்டால் முடிந்தது. அதுதான் என்னைப் படுத்தியது.

விசாரணை அதிகாரி வயதானவர். தலையைத் தூக்காமல், "மூடி இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார். செப்டம்பரிலும் இல்லை, ஜனவரியிலும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்றேன். பொறியாளர் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். கடிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். கவனக்குறைவு என்ற வரியை என் முன்னாலேயே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். என்னை இன்று மாலையோடு வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திரும்ப எடுப்பார்களா என்று தெரியாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். "மூடி இல்லன்னா, இறந்தவர் எதுக்குத் திருப்தின்னு சொன்னார்?"

"பொய் சொன்னார் சார், எனக்காக" என்றேன்.

அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.